ரிப்போர்ட்ல 99%, பதில் வந்தது 16வது வாரத்துல: ஒரு ட்ரைசோமி 13 கேஸ்

கர்ப்பகால மரபணு ஆலோசனை குடுக்கற வேலைல இருக்கேன். குழந்தைக்கு குரோமோசோம் கோளாறு இருக்குமோன்னு ஸ்கேன்லயோ ரத்தத்துலயோ ஒரு சந்தேகம் வந்துட்டா, அந்த அம்மா அப்பா கூட உக்காந்து, அடுத்து என்ன டெஸ்ட், அது எதை சொல்லும், எதை சொல்லாதுன்னு பேசறதுதான் என் வேலை. இங்க எழுதற கேஸ்ல யாரோட அடையாளமும் தெரியக்கூடாதுன்னு வயசு, நாள் கணக்கு இதெல்லாம் மாத்தியிருக்கேன், ஒரே மாதிரி போன வேற கேஸ்ல இருந்தும் கொஞ்சம் சேர்த்திருக்கேன். டெஸ்ட் எல்லாம் எந்த வரிசைல நடக்குமோ அந்த வரிசை அப்படியேதான் இருக்கு.

அவங்களுக்கு 31 வயசு. முதல் குழந்தை நல்லா இருக்கு, அதுக்கப்பறம் ஒண்ணு எட்டாவது வாரத்துல கலைஞ்சிடுச்சு, இது மூணாவது. ரெண்டு பக்கமும் யாருக்கும் பரம்பரை வியாதின்னு எதுவும் இல்ல. சுகர், பிரஷர் இல்ல. ரத்த வகை ஓ நெகட்டிவ்.

12 வாரம் 2 நாள்ல என்டி ஸ்கேன் எடுத்திருக்காங்க. குழந்தையோட பின்கழுத்துல தோலுக்கு அடியில கொஞ்சமா நீர் இருக்கும், அதோட தடிமனை அளக்கறதுதான் இது. எல்லா குழந்தைக்கும் அந்த நீர் இருக்கும், ரொம்ப அதிகமா இருந்தாதான் சந்தேகம். கிப்ரோஸ் நிக்கோலைடிஸ் குழு 1992ல இதை பத்தி எழுதினதுக்கு அப்பறம்தான் இது உலகம் முழுக்க பரவுச்சு. குழந்தையோட நீளம் 45ல இருந்து 84 மி.மீ.க்குள்ள, அதாவது 11 வாரத்துல இருந்து 13 வாரம் 6 நாளுக்குள்ள எடுத்தாதான் அந்த அளவுக்கு அர்த்தம், அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ எடுத்து வெச்சுக்கிட்டு பயப்படறதுல பிரயோஜனம் இல்ல. இவங்க குழந்தை நீளம் 58 மி.மீ., என்டி 1.4 மி.மீ., மூக்கெலும்பு தெரியுது. 3.5 மி.மீ. தாண்டினா நாங்க உடனே நிமிர்ந்து உக்காருவோம், 1.4 நல்ல அளவு.

அதே நாள்ல ரத்தமும் எடுத்தாங்க. ஃப்ரீ பீட்டா எச்சிஜி 0.9 மோம், பாப்-ஏ 0.4 மோம். ரெண்டுமே நஞ்சுக்கொடி தயாரிச்சு அம்மா ரத்தத்துல கலக்கற பொருள். மோம்னா அதே வாரத்துல இருக்கற அம்மாக்களோட நடு அளவை 1ன்னு வெச்சு உங்களோடது அதுல எத்தனை பங்குன்னு சொல்றது. டவுன் சிண்ட்ரோம், அதாவது 21வது குரோமோசோம் ரெண்டுக்கு பதிலா மூணு இருக்கறது, இருந்தா பொதுவா எச்சிஜி ரெண்டு மடங்கு கிட்ட ஏறும், பாப்-ஏ பாதியா குறையும். இவங்களுக்கு எச்சிஜி சாதாரணம், பாப்-ஏ மட்டும் கம்மி. வயசு, ஸ்கேன், ரத்தம் மூணையும் சேர்த்து வந்த கணக்கு டவுன் சிண்ட்ரோமுக்கு 1:900. இதே எண் வந்த 900 அம்மாக்கள்ல ஒருத்தரோட குழந்தைக்கு இருக்கும், 899 பேரோட குழந்தைக்கு இருக்காதுன்னு அர்த்தம். இது ஹை ரிஸ்க் இல்ல. ஆனா ரொம்ப லோன்னும் சில இடத்துல எடுத்துக்க மாட்டாங்க, நடுவுல வெப்பாங்க. அவங்களை பார்த்த டாக்டர், உங்களுக்கு மனசு நிம்மதி வேணும்னா என்ஐபிடி எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்காங்க. அம்மா ரத்தத்துல மிதக்கற டிஎன்ஏ துண்டுகளை வெச்சு குழந்தைக்கு குரோமோசோம் கோளாறு இருக்குமான்னு பார்க்கற டெஸ்ட் அது.

மனசு நிம்மதிக்குன்னு சொல்லி இந்த டெஸ்ட்டை குடுக்கறதுல எனக்கு எப்பவுமே ஒரு உறுத்தல் உண்டு, ஏன்னா நிம்மதி குடுக்காத பதில் வந்தா என்ன பண்றதுன்னு அந்த அஞ்சு நிமிஷத்துல யாரும் பேசறதில்ல. இவங்க கிட்டயும் பேசல. கையெழுத்து வாங்கி, ரத்தம் எடுத்து அனுப்பிட்டாங்க.

13 வாரம் 5 நாள்ல போன் வந்திருக்கு. சொன்னது இவ்வளவுதான்: "உங்க ரிசல்ட் பாசிட்டிவ் வந்திருக்கு, ட்ரைசோமி 13, உடனே டாக்டரை பாருங்க." அவங்க உடனே நெட்ல தேடியிருக்காங்க. ட்ரைசோமி 13ன்னு தேடினா என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். 1960ல கிளவுஸ் பட்டாவ் குழு கண்டுபிடிச்சது, 13வது குரோமோசோம் ரெண்டுக்கு பதிலா மூணு இருக்கறது, மூளை, இதயம், முகம் எல்லாத்தையும் பாதிக்கும், உயிரோட பிறந்தாலும் பெரும்பாலான குழந்தைங்க ஒரு வயசை தாண்டறதில்ல. ராத்திரி முழுக்க படிச்சிருக்காங்க. மறுநாள் காலைல எங்க கிட்ட வந்தப்போ அவங்க வீட்டுக்காரர் கையில ஒரு கேள்விதான் இருந்துச்சு, "மேடம், எப்போ கலைக்கலாம்?"

அவர் மேல எனக்கு கோவமே வரல. அவர் கையில இருந்த ரிப்போர்ட்ல பெரிய எழுத்துல ஹை ரிஸ்க்னு இருந்துச்சு, கீழ ஒரு கட்டத்துல டெஸ்ட்டோட திறன் 99%க்கு மேலன்னு இருந்துச்சு. அதை பார்த்துட்டு ஒரு அப்பா, என் குழந்தைக்கு 99% இந்த வியாதி இருக்குன்னு படிச்சா அது அவர் தப்பு இல்ல. ரிப்போர்ட் எழுதினவங்களும் போன் பண்ணினவங்களும் அந்த ரெண்டு வாக்கியத்துக்கு நடுவுல இருக்கற வித்தியாசத்தை சொல்லியிருக்கணும்.

அந்த 99% எதை பத்தின 99%

அன்னிக்கு பேப்பர்ல போட்டு காட்டின கணக்கையே இங்கயும் எழுதறேன்.

99%ங்கறது, ட்ரைசோமி 13 இருக்கற 100 குழந்தைங்களை குடுத்தா அதுல 99ஐ இந்த டெஸ்ட் புடிச்சிடும்னு சொல்றது. உங்களுக்கு பாசிட்டிவ் வந்திருக்கு, அது உண்மையா இருக்க எவ்வளவு வாய்ப்புங்கறது முழுக்க வேற கேள்வி. அதுக்கு பதில் சொல்லணும்னா அந்த வியாதி எவ்வளவு அபூர்வம்னு தெரியணும். 31 வயசுல, 12 வாரத்துல, ட்ரைசோமி 13 சுமாரா 5,000 கர்ப்பத்துல ஒண்ணுன்னு வெச்சுக்கலாம். அப்போ இதே வயசுல 10,000 பேர் இந்த டெஸ்ட் எடுத்தா உண்மையா இருக்கறது 2 பேருக்கு. டெஸ்ட் தப்பா பாசிட்டிவ் காட்டறது 0.04%, கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா 10,000 பேர்ல அது 4 பேர். மொத்தம் 6 பேருக்கு போன் போகுது, அதுல 2 பேருக்குதான் உண்மை. மூணுல ஒண்ணு.

அவர் பேப்பரை திருப்பி வெச்சு ஒரு தடவை தானே எழுதி பார்த்தார். அப்பறம் கேட்டார், "அப்போ இந்த டெஸ்ட்டே சரியில்லையா?" அப்படி இல்ல, இது ரொம்ப நல்ல டெஸ்ட். அதே டெஸ்ட், அதே 0.04%, ஆனா 40 வயசு அம்மா, டவுன் சிண்ட்ரோம்னு வெச்சுக்கோங்க. 12 வாரத்துல அந்த வயசுக்கு சுமார் 70ல ஒண்ணு. 10,000 பேர்ல 140க்கு மேல உண்மை, தப்பு அதே 4தான். அந்த அம்மாவுக்கு பாசிட்டிவ் வந்தா 97% கிட்ட உண்மை. 31 வயசு அம்மாவுக்கே டவுன் சிண்ட்ரோம் பாசிட்டிவ் வந்திருந்தா அது 80% பக்கம் போகும். மெஷின் ஒண்ணுதான், வியாதி எவ்வளவு அபூர்வமோ அவ்வளவுக்கு பாசிட்டிவோட எடை குறையும். இதை சொல்லாம ரிசல்ட் மட்டும் சொல்றது பாதி தகவல் குடுக்கறது மாதிரி, சில நேரம் பாதி தகவல் ஒண்ணுமே சொல்லாததை விட மோசம்.

சரி, தப்பா ஏன் காட்டுது? இங்கதான் ரொம்ப பேருக்கு தெரியாத விஷயம் இருக்கு. என்ஐபிடில குழந்தையோட டிஎன்ஏவை பார்க்கறாங்கன்னு எல்லாரும் சொல்றோம், நானும் அவசரத்துல அப்படி சொல்லியிருக்கேன். நேரா பார்த்தா அது குழந்தையோடது இல்ல, நஞ்சுக்கொடியோடது. கர்ப்பிணியோட ரத்தத்துல குழந்தை பக்கத்து டிஎன்ஏ மிதக்குதுன்னு 1997ல டென்னிஸ் லோ குழு காட்டினாங்க, 2011 வாக்குல அது டெஸ்ட்டா ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. நஞ்சுக்கொடியோட வெளி அடுக்கு செல்கள் செத்து செத்து உதிரும்போது அதுல இருக்கற டிஎன்ஏ துண்டுகள் அம்மா ரத்தத்துல கலக்குது. அதுவும் ரத்தத்துல மிதக்கற துண்டுகள்ல பத்துல ஒரு பங்குதான் அது, மீதி ஒன்பது பங்கு அம்மாவோடதுதான். அந்த பங்கு 4%க்கு கீழ போனா பல லேப் ரிசல்ட்டே தராது, திரும்ப ரத்தம் கேக்கும், அப்படி திரும்ப கேக்கறதையும் லேசா விடக்கூடாது, சில குரோமோசோம் கோளாறுல அந்த பங்கு குறைவா இருக்கும். இவங்களுக்கு 9%, அந்த பக்கம் பிரச்சனை இல்ல.

பெரும்பாலான கர்ப்பத்துல நஞ்சுக்கொடியும் குழந்தையும் ஒரே குரோமோசோம்தான் வெச்சிருக்கும், ரெண்டும் ஒரே கருமுட்டைல இருந்து வந்ததுதானே. ஆனா கரு உருண்டையா இருக்கும்போதே வெளியில இருக்கற செல்கள் நஞ்சுக்கொடியாவும் உள்ள இருக்கற ஒரு சின்ன கொத்து குழந்தையாவும் பிரிஞ்சிடுது. பிரிஞ்சதுக்கு அப்பறம் வெளிப்பக்கம் ஒரு செல் பிளவுபடும்போது தப்பு நடந்தா, அந்த தப்பு நஞ்சுக்கொடியில மட்டும் வளரும். இல்லன்னா ஆரம்பத்துல மூணா இருந்து, குழந்தை பக்கத்து செல்கள் ஒண்ணை கழட்டி விட்டு சரியாகிடும், நஞ்சுக்கொடி பக்கம் அப்படியே நிக்கும். நஞ்சுக்கொடி எடுத்து பார்க்கற டெஸ்ட்ல நூத்துக்கு ஒண்ணு ரெண்டு கர்ப்பத்துல இந்த மாதிரி கலப்பு தெரியுது. 1983லயே கலூசெக், டில்னு ரெண்டு பேர் இதை எழுதிட்டாங்க. ட்ரைசோமி 13லயும், ஒரு எக்ஸ் மட்டும் இருக்கற டர்னர்லயும் இது மத்ததை விட அதிகமா ஆட்டம் காட்டும்.

வேற காரணமும் இருக்கலாம். ரெட்டையா ஆரம்பிச்சு ஒண்ணு சீக்கிரமே கரைஞ்சு போயிருந்தா அதோட டிஎன்ஏ வாரக்கணக்கா ரத்தத்துல இருக்கும். அம்மாவோட செல்கள்லயே ஒரு குரோமோசோம் வித்தியாசம் இருக்கலாம். ரொம்ப அபூர்வமா அம்மாவுக்கு தெரியாம இருக்கற கேன்சர் இந்த ரிப்போர்ட்ல வினோதமா தெரிஞ்சிருக்கு, அப்போ பொதுவா ஒண்ணு இல்ல, பல குரோமோசோம் தாறுமாறா இருக்கும். இவங்க முதல் ஸ்கேன்ல ஒரே ஒரு பைதான் இருந்துச்சு, மாறினது ஒரே குரோமோசோம்.

அன்னிக்கு மதியமே திரும்ப ஸ்கேன் பண்ணோம், ட்ரைசோமி 13ஐ மனசுல வெச்சுக்கிட்டே தேடற ஸ்கேன். மூளை நடுவுல ரெண்டா பிரிஞ்சிருக்கா, மேல் உதடு முழுசா இருக்கா, இதயத்துல நாலு அறையும் தெரியுதா, கையில விரல் அஞ்சா ஆறா, தொப்புள் கிட்ட குடல் வெளிய வந்திருக்கா, மூத்திரப்பை வீங்கியிருக்கா, கிட்னி எப்படி, இதய துடிப்பு ரொம்ப வேகமா இருக்கா. இந்த வியாதி இருக்கற குழந்தைகள்ல பெரும்பாலானவங்களுக்கு இந்த வயசுலயே இதுல ஏதாவது ஒண்ணு மாட்டிடும். முக்கால் மணி நேரம் பார்த்தாங்க, ஒண்ணுமே இல்ல. துடிப்பு 152. அப்போ மூணுல ஒண்ணுங்கறது இன்னும் நல்லா கீழ இறங்குது. எவ்வளவுன்னு ஒரு எண் குடுங்கன்னு கேட்டாங்க, நான் குடுக்கல, ஏன்னா நேர்மையா ஒரு எண் சொல்ற அளவுக்கு என் கிட்ட கணக்கு இல்ல. குறைஞ்சிருக்கு, ஆனா பூஜ்யம் இல்ல, அவ்வளவுதான் சொன்னேன்.

சிவிஎஸ்ஸா, ஆம்னியோவா

இந்த கேஸோட முக்கியமான இடம் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா எழுதறேன்.

நிச்சயமா தெரியணும்னா ரெண்டு வழி. ஒண்ணு சிவிஎஸ், நஞ்சுக்கொடியில இருந்து துளியூண்டு திசு எடுக்கறது, 11வது வாரத்துல இருந்து 14 வாரம் வாக்குல பண்ணலாம், அவங்க அன்னிக்கு 13 வாரம் 6 நாள், மறுநாள் காலைலயே பண்ணியிருக்கலாம். ரெண்டாவது ஆம்னியோ, பனிக்குட நீர் எடுக்கறது, 15 வாரம் முடிஞ்சதுக்கு அப்பறம்தான். அதுக்கு முன்னாடி பண்ணா கர்ப்பம் கலையற வாய்ப்பும், குழந்தைக்கு பாதம் வளைஞ்சு பிறக்கற வாய்ப்பும் கூடுதுன்னு 1990கள்ல நடந்த பெரிய ஆய்வுலயே தெரிஞ்சுபோச்சு, அதனால அவசரப்பட்டு முன்கூட்டி பண்ண மாட்டாங்க.

அந்த அம்மா சொன்னாங்க, "மேடம், என்னால ரெண்டு வாரம் தாங்க முடியாது, நாளைக்கே எது முடியுமோ அதை பண்ணிடுங்க." யாரா இருந்தாலும் அப்படித்தான் கேப்பாங்க. ஆனா யோசிச்சு பாருங்க, நம்ம சந்தேகமே நஞ்சுக்கொடியில மட்டும் கோளாறு இருக்கோங்கறதுதான். அதுக்கு பதில் தேட திரும்ப நஞ்சுக்கொடியவே கிள்ளி பார்த்தா? ட்ரைசோமி 13ன்னு வரும், நூத்துக்கு நூறு உறுதி ஆயிடுச்சுன்னு எல்லாரும் நினைப்பாங்க, குழந்தை நல்லா இருந்தாலும். சிவிஎஸ் திசுவுல வெளி அடுக்கை சீக்கிரமா பார்க்கறது ஒரு முறை, உள் பகுதியை வளர்த்து பார்க்கறது ஒரு முறை, ரெண்டாவது குழந்தைக்கு கொஞ்சம் கிட்ட வரும். ரெண்டும் பார்த்தாலும், கலப்பா வந்துச்சுன்னா கடைசியில ஆம்னியோவுக்குதான் போகணும். அப்போ ரெண்டு தடவை ஊசி, ரெண்டு தடவை பயம். ஸ்கேன் சுத்தமா இருக்கு, வியாதி ட்ரைசோமி 13, அதனால காத்திருந்து ஆம்னியோ பண்றதுதான் நல்லதுன்னு எங்க டீம்ல எல்லாரும் ஒரே மாதிரி சொன்னோம். முடிவு அவங்களோடதுன்னும் சொன்னோம்.

அவங்க ரெண்டு பேரும் வெளிய போய் ரொம்ப நேரம் பேசிட்டு வந்து காத்திருக்கோம்னாங்க.

அந்த நாட்களை பத்தி ரிப்போர்ட்ல எதுவும் இருக்காது, ஆனா இந்த கேஸ்ல பாதி அதுதான். வாரத்துக்கு ரெண்டு தடவை நான் போன் பண்ணேன். வயித்தை தொடறதை நிறுத்திட்டேன்னு சொன்னாங்க. பெரிய பையன் தம்பி பாப்பா எப்போ வரும்னு கேட்டா பதில் சொல்லாம எழுந்து போயிடுவாங்களாம். சொந்தக்காரங்க கிட்ட இன்னும் கர்ப்பம்னே சொல்லல, சொன்னவங்க கிட்டயும் பேச முடியல. ஒரு நாள் கேட்டாங்க, "எனக்கு பாப்-ஏ கம்மியா இருந்துச்சே, நான் சரியா சாப்பிடலையா, அதனாலயா?" இல்லவே இல்ல. பாப்-ஏ நஞ்சுக்கொடி தயாரிக்கறது, அம்மா சாப்பிட்டது, தூங்கினது, வேலை பார்த்தது எதுவும் காரணம் இல்ல. குரோமோசோம் பிரியற இடத்துல நடக்கற தப்புக்கு யாரும் எதுவும் பண்ணியிருக்க முடியாது. இதை நான் அவங்க கிட்ட நாலு தடவையாவது சொல்லியிருப்பேன். இதை படிக்கறவங்க யாராவது இப்போ அப்படி காத்துக்கிட்டு இருந்தா உங்களுக்கும் அதேதான், உங்க மேல தப்பு இல்ல.

16 வாரம் 1 நாள்ல ஆம்னியோ. ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே மெல்லிசான ஊசி வழியா 15ல இருந்து 20 மி.லி. நீர் எடுப்பாங்க, ஊசி உள்ள இருக்கறது ஒரு நிமிஷம் கிட்டதான். அந்த நீர்ல மிதக்கறது குழந்தையோட தோல், மூத்திரப்பாதை இங்கிருந்து உதிர்ந்த செல்கள், அதனாலதான் இது குழந்தையோட பதில். இதனால கர்ப்பம் கலையற வாய்ப்பு 100ல ஒண்ணுன்னு பழைய புத்தகங்கள்ல இருக்கும், இப்போ பழகின கை பண்ணா 200ல ஒண்ணுக்கும் கீழதான். ஓ நெகட்டிவ்ங்கறதால அன்னிக்கே ஆன்டி-டி ஊசியும் போட்டோம், குழந்தை ரத்தம் துளி கலந்தாலும் அம்மா உடம்பு அதுக்கு எதிரா கிளம்பக்கூடாதுல்ல. எடுத்த நீர்ல அம்மாவோட செல் கலந்திருக்கான்னு ஒப்பிட்டு பார்க்க அவங்க ரத்தமும் ஒரு குழாய் எடுத்தோம், இது சின்ன வேலை மாதிரி தெரியும், ஆனா விட்டுட்டா அம்மாவோட நார்மல் ரிசல்ட்டை குழந்தையோடதுன்னு சொல்லிடற ஆபத்து இருக்கு.

ரெண்டு நாள்ல கியூஎஃப்-பிசிஆர் வந்துச்சு. 13, 18, 21, அப்பறம் எக்ஸ், ஒய், இதை மட்டும் வேகமா எண்ணி சொல்ற டெஸ்ட் அது. 13வது குரோமோசோம் ரெண்டுதான். அம்மாவோட செல் கலப்பு இல்ல. போன் பண்ணி முதல் வாக்கியமா அதைத்தான் சொன்னேன், நல்லா இருக்கீங்களா, எங்க இருக்கீங்கன்னு எதுவும் கேக்கல, அந்த ரெண்டு செகண்டு கூட அவங்களை காக்க வெக்கக்கூடாது. அந்த பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்பறம் அவங்க வீட்டுக்காரர் போனை வாங்கி, "திரும்ப சொல்லுங்க மேடம்"னார்.

செல்லை வளர்த்து பார்க்கற கேரியோடைப் 13 நாள் கழிச்சு வந்துச்சு, வழக்கமா எண்ணறதை விட அதிக செல் எண்ண சொல்லியிருந்தோம், ஒண்ணு ரெண்டு செல்லுலயாவது கலப்பு இருக்கான்னு பார்க்க. எல்லாம் 46. குரோமோசோம்ல சின்ன துண்டு எதுவும் கூடியோ குறைஞ்சோ இருக்கான்னு பார்க்கற மைக்ரோஅரேயும் சுத்தம். சில குரோமோசோம்ல, உதாரணமா 14, 15ல, இந்த மாதிரி நஞ்சுக்கொடியில மட்டும் கோளாறு வந்தா குழந்தைகிட்ட இருக்கற ரெண்டுமே ஒரே பக்கத்துல இருந்து, அம்மா கிட்ட இருந்தே ரெண்டும் இல்ல அப்பா கிட்ட இருந்தே ரெண்டும், வந்திருக்கான்னு தனியா பார்க்கணும், எண்ணிக்கை சரியா இருந்தும் குழந்தைக்கு வியாதி வரலாம். 13ல அந்த பிரச்சனை இல்ல, அதனால அதை பண்ணல.

நல்ல ரிசல்ட் வந்ததால காத்திருந்தது சரின்னு நான் சொல்ல வரல. ட்ரைசோமி 13 இருக்குன்னு வந்திருந்தாலும் அதே முடிவு சரியாதான் இருந்திருக்கும், ஏன்னா அப்போ அவங்க எடுக்கற முடிவு உறுதியான பதில் மேல நின்னு எடுத்ததா இருக்கும். முதல் நாள் அந்த போனை மட்டும் நம்பி கலைச்சிருந்தா, அவங்களுக்கு கடைசி வரைக்கும் தெரியவே தெரியாம போயிருக்கும். என்ஐபிடி ரிசல்ட்டை மட்டும் வெச்சு திருப்ப முடியாத முடிவை எடுக்காதீங்கன்னு மகப்பேறு, மரபணு மருத்துவ அமைப்புகள் எல்லாம் ஒரே குரல்ல சொல்றது இதுக்காகத்தான்.

எல்லாருக்கும் காத்திருக்கறதுதான் பதில்னும் நினைச்சுடாதீங்க. வேற ஒரு அம்மா, 39 வயசு, பத்தாவது வாரத்துலயே என்ஐபிடி எடுத்து டவுன் சிண்ட்ரோம் ஹை ரிஸ்க், 12வது வார ஸ்கேன்ல என்டி 4.2 மி.மீ. அவங்களுக்கு நாங்க காத்திருக்க சொல்லல, அதே வாரத்துல சிவிஎஸ் பண்ணோம். வயசு, ஸ்கேன், ரத்தம் எல்லாம் ஒரே பக்கம் காட்டும்போது நஞ்சுக்கொடி மட்டும் தனியா பொய் சொல்ற வாய்ப்பு ரொம்ப கம்மி. மூணு நாள்ல உறுதி ஆச்சு. அதுக்கப்பறமும் கேரியோடைப் பார்த்தோம், 21வது குரோமோசோம் தனியா மூணா இருக்கா, இல்ல வேற ஒண்ணோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கான்னு தெரியணும், ஒட்டிக்கிட்டு வந்திருந்தா அம்மா அப்பா ரத்தத்தையும் பார்க்கணும், அடுத்த கர்ப்பத்துக்கும் ரிஸ்க் மாறும். இவங்களுக்கு தனியாதான். ரெண்டு பேரும் பேசி குழந்தையை பெத்துக்கறதுன்னு முடிவு பண்ணாங்க. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள்ல பாதி பேர் கிட்ட இதய கோளாறோட பிறப்பாங்க, அதனால வயித்துக்குள்ளயே இதய ஸ்கேன் பண்ணி, சுவர்ல ஓட்டை இருக்கறது தெரிஞ்சு, குழந்தை இதய சர்ஜரி வசதி இருக்கற ஆஸ்பத்திரியில பிரசவம் பார்த்தாங்க. அதே நிலைமைல வேற முடிவு எடுத்தவங்களும் எங்க கிட்ட வந்திருக்காங்க, அவங்க கூடவும் நாங்க அதே மாதிரிதான் நின்னோம்.

பிரசவமும் நஞ்சுக்கொடி ரிப்போர்ட்டும்

முதல் அம்மாவுக்கு வர்றேன். 20வது வாரத்துல முழு ஸ்கேன், அப்பறம் இதயத்துக்கு தனியா ஸ்கேன், ரெண்டும் நல்லா இருந்துச்சு. ஆனா குழந்தை நல்லா இருக்குன்னதும் கேஸை மூடிடல. பாப்-ஏ கம்மி, நஞ்சுக்கொடியில கோளாறு இருக்கற வாய்ப்பு அதிகம், அப்போ அந்த நஞ்சுக்கொடி கடைசி வரைக்கும் குழந்தைக்கு சரியா ஊட்டம் குடுக்குமாங்கற கேள்வி இருக்கு. எந்த குரோமோசோம்ங்கறதை பொறுத்து இது மாறும், 16வது குரோமோசோம்ல இது வந்தா குழந்தை வளர்ச்சி குறையறதும் அம்மாவுக்கு பிரஷர் ஏறறதும் நிறைய பார்க்கறாங்க. 13ல அவ்வளவு இல்ல, இருந்தாலும் 28வது வாரத்துல இருந்து வளர்ச்சி ஸ்கேனும் தொப்புள்கொடி ரத்த ஓட்டமும் பார்த்துக்கிட்டே வந்தோம். 34ல கொஞ்சம் மெதுவானது, ரத்த ஓட்டம் நல்லா இருந்துச்சு. பிரஷர் ஏறல.

38வது வாரத்துல பிறந்துச்சு, 2.6 கிலோ, கொஞ்சம் சின்னது, நல்லா அழுதுச்சு. குழந்தை டாக்டர் தலைல இருந்து கால் வரைக்கும் பார்த்தாங்க, எந்த குறையும் இல்ல.

நஞ்சுக்கொடியை தூக்கி போட்டுடாதீங்கன்னு பிரசவ அறைக்கு முன்கூட்டியே எழுதி குடுத்திருந்தேன், ஃபைல்ல மேல சிவப்பு மையில. அப்படி சொல்லலன்னா அது போயிடும், காரணம் கடைசி வரைக்கும் யூகமாவே நிக்கும். நாலு வேற வேற இடத்துல இருந்து துண்டு எடுத்து அனுப்பினோம், ஒரே இடத்துல எடுத்தா கலப்பு மாட்டாம போகலாம். மூணு துண்டுல ட்ரைசோமி 13 இருந்துச்சு, ஒண்ணுல இல்ல. தொப்புள்கொடி ரத்தத்துல, அதாவது குழந்தையோட ரத்தத்துல, இல்ல. அப்போ முதல்ல வந்த என்ஐபிடி பொய் சொல்லல, அது பார்த்த இடத்துல உண்மையிலேயே கோளாறு இருந்துச்சு. குழந்தைகிட்ட இல்ல.

இந்த கேஸுக்கு அப்பறம் எங்க பக்கம் ரெண்டு விஷயம் மாத்தினோம். என்ஐபிடிக்கு ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே பாசிட்டிவ் வந்தா அடுத்து என்ன, எந்த டெஸ்ட், எத்தனை நாள் காத்திருக்கணும்னு உக்காந்து பேசறோம், அதை கேட்டுட்டு சிலர் வேண்டாம்னு போறாங்க, அதுவும் சரியான முடிவுதான். ரெண்டாவது, ஹை ரிஸ்க் வந்தா போன்ல பாசிட்டிவ்ங்கற வார்த்தையை சொல்றதில்ல. "சந்தேகம் வந்திருக்கு, உறுதி இல்ல, உங்க வயசுக்கு இது உண்மையா இருக்க இவ்வளவு வாய்ப்பு, நாளைக்கு இத்தனை மணிக்கு வாங்க"ன்னு நேரத்தையும் சேர்த்து சொல்றோம்.

குழந்தைக்கு நாலு மாசம் ஆனப்போ ரெண்டு பேரும் வந்திருந்தாங்க, நஞ்சுக்கொடி ரிப்போர்ட்டை விளக்கமா கேக்கறதுக்கு. எல்லாம் கேட்டுட்டு அவங்க கேட்டாங்க, "மேடம், இன்னொண்ணு பெத்துக்கிட்டா திரும்ப இப்படி ஆகுமா?" இது தற்செயலா நடந்தது, திரும்ப நடக்க வாய்ப்பு ரொம்ப கம்மின்னு சொன்னேன். "அப்போ அந்த ரத்த டெஸ்ட்டை திரும்ப எடுக்கவா?" அது உங்க இஷ்டம், எடுத்தாலும் எடுக்கலன்னாலும் 12வது வார ஸ்கேனை மட்டும் விட்டுடாதீங்கன்னேன். அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, முதல்ல அந்த ஸ்கேன், அதை பார்த்துட்டுதான் மத்ததுன்னு சொல்லிட்டு, தூங்கிட்டு இருந்த குழந்தையை தோள்ல மாத்தி போட்டுக்கிட்டு கிளம்பினாங்க.